திருபுவனையில் அளந்த நெல்

எம்பெருமானை ஸேவிக்க வந்த அடியார் பசித்திருக்க, ஸந்நிதியில் தளிகை மட்டும் குறைவற நடக்குமாயின், அவ்வாராதனம் நிறைவுடையதன்று என்பது ஸ்ரீவைஷ்ணவப் பெரியோர் கொண்ட துணிபு. ஆதலால் திருவாராதனத்தோடு ததீயாராதனமும் ஒன்றாகவே வைத்து எண்ணப்பட்டது. உத்ஸவ காலத்தில் இலை விரிப்பது எளிது. உத்ஸவம் முடிந்து பந்தல் பிரித்த மறுநாளும் இலை விரிய வேண்டுமே, அதற்கு என்ன வழி?

திருமங்கையாழ்வாரின் சரிதம் இவ்வருமையை நன்கு காட்டும். குமுதவல்லி நாச்சியார் விதித்தபடி நாள்தோறும் 1008 ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு அமுது செய்விக்கத் தொடங்கிய ஆழ்வார், கைப்பொருள் தீர்ந்து, சோழனுக்குச் செலுத்த வேண்டிய பகுதிப் பணமும் தீர்ந்து, கடைசியில் வழிப்பறியில் இறங்கினார் என்று குருபரம்பரை கூறுகிறது. மணக்கோலத்தில் வந்த பெருமானே அவரைத் தடுத்தாட்கொண்டான். எல்லோருக்கும் அப்படி வழி பிறந்துவிடாது. முதல் இல்லாத தர்மம், ஆழ்வாரைப் போன்றவர் கையிலும் தள்ளாடிற்று.

இதை உணர்ந்தே பிற்காலத்தார் அறத்திற்கு நிலத்தை முதலாக வைத்தனர். புதுவையிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள திருபுவனை இதற்குச் சான்று. சோழர் காலத்தில் அது திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம். அவ்வூர்ப் பெருமாள் கோயில் வீரநாராயண விண்ணகரம். முதலாம் இராசாதிராசன் காலத்தில், 1048-ஆம் ஆண்டளவில் பொறித்த கல்வெட்டொன்று அக்கோயிலில் உள்ளது. மாணாக்கர் 260 பேர், ஆசிரியர் 12 பேர். வேதமும், வியாகரணமும், மநு சாஸ்திரமும், வேதாந்தமும் அங்கே ஓதப்பட்டன. கோயிலில் திருவாய்மொழி விண்ணப்பம் செய்வார்க்கும் நிபந்தம் உண்டு. இத்தனைக்கும் விடப்பட்ட நிலம் 72 வேலி. ஆண்டுதோறும் அளக்க வேண்டிய நெல் 12,000 கலம்.

அதே கல்வெட்டில் சுவையான மற்றொரு செய்தியும் உண்டு. ஓதுவிப்பாரும் ஓதுவாரும் ஊர் வாரியப் பணிகளில் சேர வேண்டுவதில்லை என்று சபையார் விலக்கு அளித்தனர். சோறும் இருப்பிடமும் தந்துவிட்டுப் படிக்கிறவனை ஏரிக் கணக்குப் பார்க்க அழைத்தால் பாடம் கெடும் என்பதை ஊரார் அறிந்திருந்தனர். உதவி பெறுகிறவரிடம் கைம்மாறாக ஏவல் வேலை எதிர்பார்க்கும் வழக்கம் எக்காலத்திலும் உள்ளதுதான். திருபுவனைச் சபை அதற்கு இடந்தரவில்லை.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலை ஒட்டி வீரராசேந்திரனின் 5-ஆம் ஆட்சியாண்டில் கல்விச்சாலையோடு ஆதுலர்சாலையும் நடந்தது. 15 படுக்கைகள், மருத்துவர், அறுவை செய்வார், பணிப்பெண்டிர், மூலிகை கொணர்வார் என யாவும் கல்லில் உள்ளன. நோயாளிகளுக்காக இரவில் எரியும் விளக்குக்கும் எண்ணெய் வைத்தார்கள். மாணாக்கர் சனிக்கிழமைதோறும் தலை முழுகுவதற்கு வேண்டிய எண்ணெயும் மறக்கப்படவில்லை! பின்னர் 15-ஆம் நூற்றாண்டில் ஸாளுவ நரஸிம்மன் திருமலையிலும் திருப்பதியிலும் இராமாநுஜ கூடங்கள் அமைத்து, கந்தாடை இராமாநுஜ ஐயங்காரிடம் ஒப்படைத்தது இம்மரபின் தொடர்ச்சியே. 1985-இல் திருமலையில் தொடங்கிய நித்யான்னதானத் திட்டமும் இவ்வழியில்தான் செல்கிறது. அடியார் அளிக்கும் காணிக்கை முதலாக வைக்கப்படுகிறது. அதன் வட்டியில் அன்னம் நடக்கிறது. 72 வேலி செய்த வேலையை இன்று வைப்புநிதி செய்கிறது.

ஆயினும் திருபுவனையின் கல்விச்சாலை இன்று இல்லை. 260 பேர் உண்ட இடமும் இல்லை. நிலம் முதலாக இருந்தும் அறம் நின்றுபோனதென்றால், நிலத்தை விடுவதோடு கொடையாளரின் கடமை முடிவதில்லை என்பது விளங்கும். அளவையும் ஆளையும் கல்லில் வெட்டியவர்கள் அழகுக்காக வெட்டவில்லை. கோயிலுக்கு வருகிற எவரும் படித்துப் பார்த்து, அளக்க வேண்டிய நெல் அளக்கப்படுகிறதா என்று கேட்கவே வெட்டினார்கள்.

இன்று புதுவைக்கு வெளியூரிலிருந்து வருபவர் யாத்ரிகர் மட்டுமல்லர். ஜிப்மர் மருத்துவமனைக்குச் சுற்றுவட்ட மாவட்டங்களிலிருந்து நோயாளிகளை அழைத்து வருவோர் பலர். துணைக்கு வந்தவருக்கு ஒருவேளைச் சோறும் இராத் தங்க இடமும் பெருங்கவலை. அவர்களும் பாகவதர்களே என்று கொண்டு, உத்ஸவ நாளில் ஒருமுறை அளிப்பதை நித்யக் கட்டளையாக மாற்றிக்கொள்ளலாம். சிறிய தொகையாயினும் முதலாக வைத்து, ஆண்டுக்கொருமுறை அதன் கணக்கை நேரில் கேட்டறியலாம். விழுப்புரம் வழியாக ஊர் திரும்பும் அன்பர்கள் திருபுவனையில் சற்று இறங்கி, அந்தக் கல்வெட்டையும் ஸேவித்துச் செல்லலாம்.