விதியும் முகத்துவாரமும்

விதி என்னும் ஒரே சொல்லால் நம் மொழி இரண்டு பொருள்களைச் சொல்கிறது: இயற்கை பிறழாமல் நடக்கும் நியமம் ஒன்று, தலையில் எழுதப்பட்டதென்று நாம் கருதும் ஊழ் மற்றொன்று. புதுச்சேரியில், வீராம்பட்டினத்தை அடுத்து அரியாங்குப்பம் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் நிற்கும்போதெல்லாம், இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதால் விளைந்த துன்பத்தை எண்ணி என் மனம் வாடுகிறது.

இவ்விரண்டும் வேறென்பதைத் தொலைவில் ஓடும் ஒரு நதியில் தெளிவாகக் காணலாம். ருஷ்ய தேசத்து லேனா நதி தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதால், வசந்த காலத்தில் அதன் மேற்பகுதி முதலில் உருகுகிறது. கீழ்ப்பகுதியோ உறைந்தே கிடக்கிறது. உடைந்து வரும் பனிப்பாளங்கள் வளைவுகளிலும், ஆழம் குறைந்த துறைகளிலும், சரிவு தணிந்து வேகம் குன்றும் இடங்களிலும் ஒன்றன்மேலொன்று ஏறி அணையாகிவிடுகின்றன. 2001 மே மாதத்தில் லென்ஸ்க் நகரம் அவ்வாறே மூழ்கிற்று. அடைப்பு எங்கே நேரும் என்பதை நதியின் உருவமே பெரும்பாலும் சொல்லிவிடும். எந்த நாளில் என்பதுதான் எளிதில் பிடிபடுவதில்லை.

நமக்குப் பனிக்குப் பதில் மணல். தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அலைகள் கரையோரமாக மணலை வடக்கே தள்ளிவர, ஓட்டம் வற்றிய ஆற்றுக்கு அதை வெளியேற்றும் பலம் இல்லாமையால் வாய் தூர்ந்துபோகிறது. 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கற்சுவர்களைக் கடலுக்குள் நீட்டினோம். தெற்கே மணல் தேங்கியது, வடக்கே நகரத்தின் கடற்கரை மணலிழந்து பாறாங்கல் கரையாயிற்று. இதில் ஊழ் எங்கே இருக்கிறது? வேகம் குன்றிய இடத்தில் சுமை இறங்கும் என்னும் நியமம் லேனாவிலும் இங்கும் ஒன்றே அன்றோ?

முன்னறிய முயல்வது தெய்வத்தின் அதிகாரத்தில் தலையிடுவதாகும் என்று அஞ்சும் பக்தர்களை நான் அறிவேன். அவர்களுடைய பணிவை மதிக்கிறேன்; ஆனால் 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயல் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேலாகக் கொட்டிய மழையின் வேளை மட்டுமே நம் வசத்தில் இல்லாதது; தண்ணீர் போகும் வாயைத் தூர்வாரி வைப்பது நம் வசத்திலேயே இருந்தது, இருக்கிறது. இடம் தெரிந்தும் வாளாவிருந்துவிட்டு, நேர்ந்ததை விதியென்பது அந்தத் தெய்வத்தின்மேலேயே பழி போடுவதாகும்.

ஒருநாள் விடியலில் ஒரு பெரியவரின் படகில் அந்த வாயைக் கடந்தேன். எஞ்சினின் வேகத்தைத் தணித்து, நீண்ட கழியொன்றை நீரில் ஊன்றிப் பார்த்தார். கழி முழங்கால் அளவே இறங்கிற்று. “அலை எங்க வெளுக்குதோ அங்க மண்ணு நிக்குது தம்பி” என்றார். பின்பு செங்கழுநீர் அம்மன் கோயில் இருக்கும் திசை நோக்கிக் கும்பிட்டு, அலை வெளுக்காத பக்கமாய்ப் படகைத் திருப்பினார்.