பூட்டிய அறையும் பாடிய வாயும்

கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கல்யாண ஸ்டுடியோக்களில் நாஸ் பெட்டி இப்போது சாதாரணம். நான்கு ஹார்டு டிஸ்க், ஒரு நெட்வொர்க் கேபிள். ஊர் கல்யாணமெல்லாம் அதற்குள்ளே. "ரெய்டு போட்டாச்சு சார், ஒரு டிஸ்க் போனாலும் கவலையில்ல" என்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு டிஸ்க் இழப்பை மட்டுமே தாங்கும் ரெய்டு 5-ல் இரண்டாவதும் போனால் எல்லாம் போச்சு. ஒரே நாளில் வாங்கி ஒரே சூட்டில் ஓடிய டிஸ்க்குகள் அடுத்தடுத்துப் படுப்பது அதிசயமும் அல்ல. 2011-ல் தானே புயலையும் 2015-ல் வெள்ளத்தையும் கண்ட மாவட்டத்தில், பெட்டியோடு கடையே மூழ்கலாம்.

இந்த மண்ணுக்கு இது பழைய கதை. சிதம்பரம் கோயிலின் பூட்டிய அறையில் தேவார ஏடுகள் கிடந்ததை 14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருமுறை கண்ட புராணத்தில் சொல்கிறார். பாடிய மூவரும் வந்தால்தான் கதவு திறக்கும் என்றார்கள் கோயிலார். மன்னன் (ராஜராஜன் என்பார்கள்) மூவர் திருவுருவங்களையே கொண்டுவந்து நிறுத்தினான். திறந்தால், கறையான் புற்று. லட்சத்துக்கு மேற்பட்டவை என்று மரபு சொல்லும் பதிகங்களில் இன்று நமக்கிருப்பவை 800-க்குச் சற்றுக் குறைவு.

கிடைத்தவற்றுக்கும் பண் தெரியவில்லை. ஃபைல் இருக்கிறது, திறக்கும் சாஃப்ட்வேர் இல்லை என்ற நிலை. ஏட்டைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியும் மன்னனும், விருத்தாசலம் பக்கம் திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப் போனார்கள். அவர் பாடிக் காட்டியதே பண்ணமைப்பாயிற்று என்கிறது புராணம். அந்தப் பெண்ணின் பெயரைப் புராணம் சொல்லாமல் விட்டது எனக்குக் குறைதான்.

வைணவத்திலும் இதுபோல் ஒரு கதை உண்டு. நம்பியின் திருநாரையூரும், நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளின் காட்டுமன்னார்கோயிலும் ஒரே வட்டாரம். வெளியூர் வைணவர்கள் சிலர் குடந்தை ஆராவமுதன்மேல் ஒரு பதிகம் பாட நாதமுனிகள் கேட்டார். ஆயிரத்தில் இவை பத்து என்று அதன் கடைசிப் பாட்டு தன் கணக்கைத் தானே சொன்னது. மீதி எங்கே என்று கேட்டார். பாடியவர்களுக்குத் தெரியவில்லை. திருவாய்மொழி பிறந்த குருகூர் வரை போய், மதுரகவி ஆழ்வாரின் பதிகத்தை 12,000 முறை ஓதி, நாலாயிரத்தையும் பெற்றார் என்பது குருபரம்பரைக் கதை. அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். என்னை நிறுத்துவது அந்தக் கணக்குதான். அது இல்லாவிட்டால், தொலைந்தது என்றே ஒருவருக்கும் தெரிந்திருக்காது. திருவாய்மொழி அந்தாதி வேறு. நடுவில் ஒரு பாட்டு விடுபட்டால் தொடர் அறுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

நாஸ் பெட்டிகளில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுபவை. அவற்றின் ஒவ்வொரு டிஸ்க்கிலும், அந்தப் பாட்டின் கணக்கைப் போலவே, தான் எந்தத் தொகுப்பில் எத்தனையாவது என்ற குறிப்பு பதிந்திருக்கும். போர்டு எரிந்தாலும் டிஸ்க் நன்றாயிருந்தால் வேறொரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டி மீட்க வழியுண்டு. பதற்றத்தில் 'இனிஷியலைஸ்' கொடுத்தால் அந்தக் குறிப்பே அழிந்துபோகலாம்.

சிதம்பரத்து அறைக் கதை அப்படியே நடந்ததா என்ற கேள்வி ஆய்வாளர்களுக்கு உண்டு. ராஜராஜனுக்கு நூறாண்டுக்கும் முன்பே, மூன்றாம் நந்திவர்மன் காலத்துத் திருவல்லம் கல்வெட்டில் திருப்பதியம் பாடுவோருக்கு நிவந்தம் இருக்கிறது. அறை பூட்டிக் கிடந்தபோதும் கோயில்களில் வாய்கள் பாடிக்கொண்டிருந்தன. அறையில் அகப்படாத, அந்த மூவரில் ஒருவரான சம்பந்தரின் பதிகம் ஒன்று, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிடைவாய்க் கோயில் கல்வெட்டில் கிடைத்தது. பூட்டு காத்ததைவிட, பலர் கையிலும் வாயிலும் புழங்கியது காத்ததே அதிகம்.

ஆகவே ஸ்டுடியோக்காரரே, பெட்டி நின்றால் எந்த டிஸ்க் எந்தத் தட்டில் இருந்தது என்று எண் எழுதி ஒட்டிவிட்டுக் கழற்றுங்கள். முதலில் ஒவ்வொன்றையும் முழுதாக நகலெடுத்து, நகலின்மேல் வேலை செய்யுங்கள். அதற்கும் முன்னால், கல்யாண வீட்டாரிடம் ஒரு முழுப் பிரதி கொடுத்துவிடுங்கள். அவர்கள் நாலு பேருக்கு அனுப்பட்டும்.