கலிலியோவின் நான்காம் நாள்

1632இல் வெளியான தன் உரையாடல் நூலில் கலிலியோ மூன்று பேரை நான்கு நாட்கள் பேசவைக்கிறார். முதல் மூன்று நாட்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பூமி சுற்றுகிறது என்பதற்கான வாதங்கள், அரிஸ்டாட்டிலைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களைச் சீண்டும் கிண்டல், அதனால் அடுத்த வருஷம் அவருக்கு நேர்ந்த விசாரணை. நான்காம் நாளைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. அது முழுக்கக் கடலின் ஏற்றவற்றத்தைப் பற்றியது. முழுக்கத் தவறானதும்கூட. ஆனால் கலிலியோ தன் புத்தகத்தின் சிகரம் என்று நினைத்தது இந்த நாளைத்தான். புத்தகத்துக்கே கடலின் ஏற்றவற்றத்தைத் தலைப்பாக வைக்க அவர் விரும்பியதும் ரோமாபுரியில் அதற்கு அனுமதி கிடைக்காததும் சரித்திரம்.

அவருடைய வாதம் இது. பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுகிறது. இரண்டு சுழற்சிகளும் ஒரு பக்கத்தில் ஒரே திசையில் சேருகின்றன, மறுபக்கத்தில் எதிரெதிராகின்றன. ஆகவே பூமியின் பரப்பில் எந்த இடமும் தினமும் ஒருமுறை வேகம் கூடி ஒருமுறை வேகம் குறைகிறது. வெனிஸ் நகரத்துக்குக் குடிதண்ணீர் ஏற்றிவரும் படகுகளை உதாரணம் காட்டுகிறார். படகு சட்டென்று வேகம் குறைந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் முன்பக்கம் ஏறுகிறது, பின்பக்கம் தாழ்கிறது. கடல் அப்படிப்பட்ட ஒரு பெரிய படகிலிருக்கும் தண்ணீர். அழகான உதாரணம். பிழை எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்க இன்றைக்கும் ஒரு பி.எஸ்ஸி. மாணவன் கொஞ்சம் திணறத்தான் செய்வான்.

கெப்லர் 1609லேயே சொல்லிவிட்டார், சந்திரன்தான் கடலை இழுக்கிறது என்று. பூமி தன் நீரைத் தன்பால் இழுத்துவைத்திராவிட்டால் கடல் முழுவதும் எழும்பிச் சந்திரனுக்கே போய்விடும் என்கிற அளவுக்குப் போனார். நான்காம் நாளில் கலிலியோ கெப்லரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு வருத்தப்படுகிறார்: இவ்வளவு கூர்மையான மனிதர் சந்திரனுக்கு நீரின்மேல் ஆதிக்கம் உண்டு என்பதற்கெல்லாம் காது கொடுத்துவிட்டாரே என்று. கலிலியோவின் காதில் 'ஆதிக்கம்' என்பது சோதிடனின் வார்த்தை. தொடாமல், நடுவில் எதுவுமில்லாமல், ஒரு பொருள் இன்னொரு பொருளை எப்படி அசைக்கும்? கெப்லரோ ஜாதகம் கணித்துச் சம்பாதித்தவர். வாலன்ஸ்டைன் என்ற தளபதிக்கு அவர் கணித்த ஜாதகம் பிரசித்தம்.

சரியான முடிவைச் சந்தேகத்துக்குரிய சரக்குகளோடு சேர்த்து வைத்திருந்தவர் ஒருவர். மரியாதைக்குரிய காரணங்களோடு தவறான முடிவுக்கு வந்தவர் இன்னொருவர். இன்றைய பாடப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல், 1632இல் உட்கார்ந்துகொண்டு, நாம் யார் பக்கம் நின்றிருப்போம்? நின்றிருக்க வேண்டும்? என்னுடைய பதில் கலிலியோ பக்கம் என்பதுதான். இதைச் சொன்னதற்கு நண்பர் ஒருவர், "முடிவு சரியாக இருந்தால் போதாதா? காரணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டார்.

நான் வேலை பார்ப்பது ஒரு வங்கியில். கவுண்ட்டரில் ஒருவருக்கு ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து இன்னொருவருக்கு ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தால் மாலையில் கேஷ் சரியாக டேலியாகும். பெட்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். கூட்டல் சரியாக வந்தது என்பதைத் தவிர அந்தத் தொகை வேறு எதையும் சொல்வதில்லை என்பதை இந்த வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே எவனும் புரிந்துகொண்டுவிடுவான்.

இனி கடல். ஏற்றவற்றத்தில் என்னை ஈர்ப்பது, அதில் இழுப்பின் அளவு முக்கியமில்லை, இழுப்பின் வித்தியாசம்தான் முக்கியம் என்பது. சூரியன் பூமியை இழுக்கும் விசை சந்திரன் இழுக்கும் விசையைப்போல ஏறத்தாழ 180 மடங்கு. அப்படியானால் கடல் சூரியனுக்கல்லவா கட்டுப்பட வேண்டும்? கட்டுப்படவில்லை. கடலை எழுப்புவதில் சூரியனின் பங்கு சந்திரனின் பங்கில் பாதிக்கும் குறைவு. ஏனென்றால் சூரியன் மிகத் தொலைவில் இருப்பதால் பூமியின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இழுக்கிறது. எல்லாவற்றையும் சமமாக இழுப்பது எதையும் எதிலிருந்தும் பிரிப்பதில்லை. சந்திரன் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. பூமியின் குறுக்களவு அதில் முப்பதில் ஒரு பங்கு. அதனால் சந்திரனை நோக்கியிருக்கும் நீர் பூமியின் மையத்தைவிடச் சற்று அதிகமாக இழுபடுகிறது. எதிர்ப்பக்கத்து நீர் மையத்தைவிடச் சற்றுக் குறைவாக இழுபட்டுப் பின்தங்குகிறது. மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் வீங்குகிறது. பூமி சுழல்கிறபோது ஒரு நாளுக்கு இரண்டு ஏற்றம். சந்திரனும் இதற்குள் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகிறது.

கவனிக்க வேண்டியது, கெப்லரின் நேரடி இழுப்பு எதிர்ப்பக்கத்து ஏற்றத்தை விளக்காது என்பது. சந்திரனுக்கு நேர் கீழே ஒரு ஏற்றம், அவ்வளவுதான் அதிலிருந்து கிடைக்கும். கலிலியோவின் படகும் ஒரு ஏற்றத்தைத்தான் தரும். கடல் இருவரையும் பொருட்படுத்தாமல் இரண்டுமுறை ஏறிக்கொண்டிருந்தது. 'சரியாகச் சொன்னவர்' என்று நாம் கெப்லருக்குக் கொடுக்கும் மாலையில் பாதி நியூட்டனுடையது, 1687இல் தொடுத்தது.

காரணம் முடிவின் எல்லையைத் தீர்மானிக்கிறது. நண்பருக்கு நான் சொல்ல விரும்பியது இதுதான், ஆனால் வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் பெரியப்பாவுக்குச் சித்தம் கலங்கியிருந்தது. அமாவாசைக்கு முன்னும் பின்னுமாக நான்கு நாட்கள் வீட்டில் யாராவது திண்ணையில் படுப்பார்கள். கதவுக்கு உள்ளே பூட்டு. அந்த நாட்களில் அவரை யாரும் வையமாட்டார்கள். அவர் செய்வது அவர் செய்வதல்ல, நாள் செய்வது. பைத்தியத்தைக் குற்றமாகப் பார்க்காமலிருக்க எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே வழி அது, அதன் கருணையை நான் மறுப்பதற்கில்லை. எங்கள் தெருவில் கொஞ்சம் படித்த ஒருவர் இதற்கு விஞ்ஞானமும் சொல்லுவார்: "கடலே பொங்குது, மனுஷன் உடம்பிலயும் முக்காவாசி தண்ணிதானே?" இந்த வாதத்தை இன்றும் படித்தவர்கள் சொல்லக் கேட்கிறேன். நீராயிருந்தாலும் எலும்பாயிருந்தாலும் சந்திரனுக்கு ஒன்றுதான். வேண்டியது நீர் அல்ல, நீளம். பூமியின் குறுக்களவில் எழுபது லட்சத்தில் ஒரு பங்கு மனிதனின் உயரம். தலைக்கும் காலுக்கும் இடையே சந்திரன் காட்டும் வித்தியாசம் அந்த விகிதத்தில் சுருங்கிவிடுகிறது. ஊர் ஏரியே அமாவாசைக்குப் பொங்குவதில்லை.

பெரியப்பா வீட்டைவிட்டுப் போனது ஒரு வளர்பிறை அஷ்டமியன்று. சூரியனும் சந்திரனும் செங்கோணத்தில் நின்று ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துக்கொள்ளும் நாள். கடல் மிகக் குறைவாக ஏறி மிகக் குறைவாக வற்றும் காலம் அதுதான். திண்ணையில் யாரும் படுத்திருக்கவில்லை. படுக்க வேண்டிய நாள் அது இல்லை. அவர் திரும்பி வரவில்லை.

அவரைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற முடிவு சரியானதுதான். எத்தனை நாள் என்பதை அந்தக் காரணம் சொன்னது.

ஆனால் விஷயம் இதோடு முடியவில்லை. முடிந்திருந்தால் 'நல்ல காரணம், கெட்ட காரணம்' என்று பிரித்துவைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். கலிலியோ எதைச் சோதிடம் என்று தள்ளினாரோ அதையே நியூட்டன் கணிதமாக்கிக் கொண்டுவந்தார். தொடாமல் இழுப்பது எப்படி என்ற கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை. ஈர்ப்பின் காரணம் தனக்குக் கிட்டவில்லை என்று பின்னால் ஒப்புக்கொண்டார். லைப்னிட்ஸ் இதை மறைபொருள் என்று சாடினார். அந்தச் சாடலில் கலிலியோவின் குரல் கேட்கிறது. வித்தியாசம், நியூட்டனின் மறைபொருளை அளக்க முடிந்தது. எங்கே எவ்வளவு என்று கேட்டால் பதில் சொன்னது. காரணம் என்பதன் அர்த்தமே அங்கே கொஞ்சம் மாறிவிட்டது. 'ஏன்' என்பதை விட்டுக்கொடுத்து 'எவ்வளவு' என்பதை வாங்கிக்கொண்டோம். அது லாபமா என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

நியூட்டனின் படத்திலும் ஒரு குறை உண்டு. இருபக்கமும் வீங்கிய கடல் என்பது பூமி முழுக்கக் கடலாக இருந்து, அந்தக் கடல் தாமதமில்லாமல் கீழ்ப்படிந்தால் மட்டுமே உண்மை. கண்டங்கள் குறுக்கே கிடக்கின்றன. 1770களில் லாப்லாஸ் இதைக் கணக்கில் எடுத்தார். நீர் மேலே தூக்கப்படுவதைவிடப் பக்கவாட்டில் நகர்த்தப்படுவதுதான் அதிகம். ஒவ்வொரு கடலும் தன் நீளத்துக்கும் ஆழத்துக்கும் ஏற்ற ஒரு ஆட்டகாலம் கொண்ட தொட்டி. சந்திரனின் தாளம் அந்த ஆட்டகாலத்தோடு ஒத்துப்போகும் இடத்தில் நீர் எகிறும், ஒத்துப்போகாத இடத்தில் அடங்கும். கனடாவின் ஃபண்டி வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 16 மீட்டர் வரை வருவது இதனால்தான். சந்திரனின் பன்னிரண்டே கால் மணிச் சொச்சமும் அந்த வளைகுடாவின் ஆட்டகாலமும் பக்கத்துப் பக்கத்து எண்கள். சென்னையில் ஒரு மீட்டர் இருந்தால் அதிகம். (ஓதத்தைப் பற்றி எழுதும் நம் கவிஞர்களில் பலர் அலையைப் பார்த்துவிட்டு எழுதுகிறார்கள்.)

தொட்டியின் நீளமும் ஆழமும் ஆட்டகாலத்தைத் தீர்மானிக்கும் என்று சொன்னவர் யார்? நான்காம் நாளில் கலிலியோ. தினம் ஒரு ஏற்றத்தைத் தர வேண்டிய தன் கோட்பாட்டுக்குக் கடல் இரண்டு ஏற்றம் காட்டுகிறதே என்ற சங்கடத்தைச் சமாளிக்க, ஒவ்வொரு கடலின் வடிவமும் அதன் ஆட்டத்தை மாற்றும் என்று சொல்லிப்போகிறார். சமாளிப்புத்தான். ஆனால் காரணங்களை ஒன்றுவிடாமல் எழுதிவைத்தவர் என்பதால் அந்தச் சமாளிப்பும் நமக்குக் கிடைத்திருக்கிறது. தீர்ப்பை மட்டும் எழுதியிருந்தால் 'சந்திரன் இல்லை' என்ற இரண்டு வார்த்தைகள்தான் மிஞ்சியிருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்திருக்க முடியாது.

போன இதழில் ஒரு புதிய கவிதைத் தொகுப்பைப் பற்றி எட்டு வரிகளில் 'இவை கவிதைகள் அல்ல' என்று மதிப்புரை வந்திருந்தது. எழுதியவரின் ரசனைமேல் எனக்கு மதிப்பு உண்டு; அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம், எனக்கும் அந்தத் தொகுப்பு பிடிக்கவில்லை. அடுத்த இதழில் அவர் காரணங்களை எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். தவறான காரணங்களானாலும் பரவாயில்லை, நாலைந்து பக்கத்துக்குக் குறையாமல்.