விற்கத்தகாத அறிவும் நியாயமான கூலியும்

பிறர் நோயைச் சார்ந்த தொழிலில் ஈட்டும் பொருள் எப்போது அறத்தோடு பொருந்தும் என்னும் வினா மருத்துவருக்கு மிகப் பழையது. மருத்துவமனைகளின் கணினி அமைப்புகளைத் திட்டமிட்டு இணைத்துத் தரும் ஆலோசனை நிறுவனங்களுக்கோ அது புதியது. அமெரிக்காவில் 2009-இல் இயற்றப்பட்ட ஹைடெக் சட்டம், நோயாளியின் விவரங்களைக் கணினியில் பேணும் மின்னணு மருத்துவப் பதிவேடுகளை முறைப்படி பயன்படுத்திய மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஊக்கத்தொகை வழங்கியதால், ஓரிருவர் சேர்ந்து தொடங்கும் சிறு நிறுவனங்களுக்கும் இத்துறையில் வேலை பெருகியது. அவற்றின் முதலீடு பெரும்பாலும் அறிவே. எனவே அறிவுக்கு விலை வைக்கலாமா என்பதே அவற்றின் அடிப்படைக் கேள்வியாகிறது.

இடைக்கால ஐரோப்பாவின் திருச்சபைச் சட்ட அறிஞர்கள் இதே கேள்வியை ஆசிரியர்களையும் வழக்கறிஞர்களையும் முன்வைத்து ஆராய்ந்தனர். அறிவு இறைவனின் கொடையாதலால் அது விற்பனைக்குரியதன்று என்பது அவர்கள் கொண்ட கோட்பாடு. கற்பிக்கும் உரிமம் வழங்கக் கட்டணம் பெறலாகாது என 1179-இல் கூடிய மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கமும் விதித்தது. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தம் இறையியல் தொகுப்பு நூலில், அறிவு ஆன்மா சார்ந்ததாயினும் அதனைப் பயன்படுத்துவது உடலுழைப்பால் நிகழ்வதால் அவ்வுழைப்புக்குக் கூலி பெறுவது முறையே என்றும், அக்கூலி ஆளையும் அலுவலையும் உழைப்பையும் நாட்டு வழக்கத்தையும் கருதி அளவோடு அமைய வேண்டும் என்றும் தீர்வு கண்டார். அறிவைப் பூட்டிவைத்துத் திறவுகோலை விற்பதற்கு இத்தீர்வில் இடமில்லை.

உழைப்புக்குக் கூலி பெறுவதற்கும் அறிவையே விற்பதற்கும் உள்ள வேறுபாடு ஆலோசகரின் அன்றாட வேலையில் தெளிவாகத் தெரியும். ஆய்வகக் கணினியிலிருந்து மருத்துவரின் பதிவேட்டுக்கு இரத்தப் பரிசோதனை முடிவு செல்லும்போது, ஆய்வகம் தனக்கென வைத்துள்ள குறியீட்டை, இண்டியானாபொலிஸின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994-இல் தொடங்கி இலவசமாக வழங்கிவரும் லோயிங்க் என்னும் பொதுக் குறியீட்டோடு பொருத்தும் அட்டவணை ஒன்று தேவைப்படுகிறது. அதில் ஒரு வரி தவறினால் பொட்டாசியத்தின் அளவு சோடியத்தின் இடத்தில் போய் அமரும்; இதயத்துடிப்பையே குலைக்கவல்ல மிகையளவு மருத்துவர் கண்ணில் படாமல் போகலாம். இவ்வட்டவணையைப் பிழையறச் செய்து, ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் எழுதி, மருத்துவமனை ஊழியருக்குப் பயிற்சியும் அளிப்பவர் உழைப்பின் கூலியைப் பெறுகிறார். அதே அட்டவணையைத் தம்மிடமே மறைத்துக்கொண்டு, சிறு திருத்தத்துக்கும் தம்மையே அழைக்கும்படி செய்பவர் பிறருடைய இயலாமையை விலைக்கு விற்கிறார்.

மருத்துவமனை தன் காலில் நிற்கத் தொடங்கினால் ஆலோசனை நிறுவனம் வளர்வது எவ்வாறு என்ற எதிர்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மாதச் சம்பளம் தரவேண்டிய சிறு நிறுவனத்துக்கு இவ்வச்சம் உண்மையானது. ஆனால் புதிய கருவிகளும் மாறும் விதிகளும் புதிய உழைப்பை இடையறாது வேண்டுகின்றன. ஓரிடத்தில் வேலையைச் செம்மையாக முடித்து ஒப்படைத்தவரின் நற்பெயரே அவரை அடுத்த இடத்துக்கு அழைத்துச் செல்கிறது. உடல்நலத் தகவல் பகிர்வை மென்பொருளாளரும் மருத்துவமனைகளும் தக்க காரணமின்றித் தடுப்பதை அமெரிக்காவின் 2016-ஆம் ஆண்டு க்யூர்ஸ் சட்டம் தடைசெய்தது; ஆலோசகரின் அட்டவணை அச்சட்டத்துள் அடங்காவிடினும் அறத்தின் எல்லைக்குள் அடங்கும்.

வேறு துணையற்ற ஏழைக்கு உதவும் கடமை வழக்கறிஞருக்கு உண்டு என அக்வினாஸ் கொண்டதும் இங்கே பொருந்தும். வேறு எவரும் வராத சிற்றூர் மருத்துவமனையின் அழைப்பை, வருவாய் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக மறுப்பது நியாயமாகாது. ஆகவே இத்தகைய நிறுவனத்தின் வளர்ச்சியை மதிப்பிடுவோர், அதனிடம் எத்தனை மருத்துவமனைகள் உள்ளன என்பதோடு, அது விலகிய பின் அவற்றுள் எத்தனை தாமாகவே பிழையின்றி இயங்குகின்றன என்பதையும் கணக்கிட வேண்டும்.