மாமாவைக் கேட்காத மந்திரிப்பு

நன்றாக இருந்த பெண்பிள்ளை இரவில் அலறுகிறாள், படுக்கையை நனைக்கிறாள், மாமா வீட்டுக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறாள். உடனே வேப்பிலை, தாயத்து, குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் முடிந்த காசு. "எதையோ பாத்துப் பயந்திருக்கா" என்கிறார்கள். யாரைப் பார்த்து என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே! எல்லா அலறலுக்கும் பாலியல் தொல்லையே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 53 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒருவகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்குச் சற்று மேல் ஆண்பிள்ளைகள். அவர்களுக்குக் கற்பு கிடையாது என்பதால் தாயத்துகூடக் கட்டுவதில்லை.

இந்தக் காயத்துக்குச் சிகிச்சை இருக்கிறது. அமெரிக்காவில் ஜூடித் கோஹன், மன்னரினோ, டெப்ளிங்கர் ஆகியோர் உருவாக்கிய முறையில் பெரும்பாலும் 12 முதல் 25 அமர்வுகள். முதலில் பயத்தை அடக்கும் மூச்சுப்பயிற்சி, உணர்ச்சிகளுக்குப் பெயர் சொல்லப் பழகுதல். பிறகு நடந்ததைக் குழந்தையே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வது அல்லது எழுதுவது. "நான்தான் தப்புப் பண்ணிட்டேன்" என்ற எண்ணத்தை அங்கேதான் பிரித்தெடுக்கிறார்கள். குற்றத்தில் பங்கில்லாத தாய்க்கோ தந்தைக்கோ தனி அமர்வுகள் உண்டு. பிள்ளை சொல்வதைக் கத்தாமல், குறுக்கே பேசாமல் கேட்க அவர்களையும் பழக்க வேண்டியிருக்கிறது.

நம் வீடுகளில் கடினம் இங்கேதான். "இவ வாழ்க்கையே போச்சே" என்று பிள்ளையின் காதுபடவே அழுகிறோம். எவனோ செய்த குற்றத்தால் இவள் எப்படிக் கெட்டாள்? கற்பு என்ற கற்பனையைப் பெரியார் அத்தனை ஆண்டுகள் அடித்து நொறுக்கியும், அது ஒரு சிறுமியின் உடம்பில் வந்து உட்காருகிறது. அதை முதலில் பெற்றோரின் தலையிலிருந்து இறக்காமல் குழந்தையை மட்டும் ஆலோசகரிடம் அனுப்பிப் பயனில்லை. வாரத்துக்கு ஒரு மணிநேரம் அங்கே ஆறும் புண்ணை மீதி நேரமெல்லாம் வீடு கீறும்.

இதற்கிடையில் பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். "கால்ல விழுந்துட்டான், விட்டுடு. நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போகும்." போக வேண்டியது அவன் மானம். அதைக் காப்பாற்றப் பிள்ளையின் வாயைக் கட்டுகிறவர்கள் குடும்பத்தாரல்லர், குற்றத்தின் கூட்டாளிகள்.

குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கக் கட்டணம் இல்லை. தெரிந்தும் புகார் தராமல் மறைத்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை. பெற்றோருக்கும் அதில் விலக்கு இல்லை.