காதின் சாட்சி

என் தங்கை கள்ளக்குறிச்சியில் இருக்கிறாள். அவள் மகன் பள்ளிக்கூட ஆசிரியன். சென்ற ஆண்டு சித்திரையில் அவனிடமிருந்து எனக்கு ஒரு கேள்வி வந்தது.

"மாமா, பாட்டுக் கேட்க நல்லதாக ஒரு கையடக்கப் பெட்டி வாங்கலாம் என்று இருக்கிறேன். கைபேசியில் கேட்டால் நாதம் கலங்கலாக இருக்கிறது. 30,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். உங்களுக்கு இதிலெல்லாம் அநுபவம் உண்டே, எதை வாங்கலாம்?"

அநுபவசாலி என்று ஒருவன் நம்மைச் சொல்லிவிட்டால் அதை மறுப்பதற்கு மனோபலம் வேண்டும். எனக்கு அது கிடையாது. வைகாசி பிறந்ததும், நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆசையோடு வாங்கிய என் பெட்டியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

இந்த ஆசையைச் சிலர் பரிகசிப்பார்கள். பாட்டு என்றால் பாட்டுத்தானே, அதில் சுத்தம் என்ன, கலங்கல் என்ன என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மீட்டிய தம்பூரா அடங்கும்போது அதன் கடைசி இழை எங்கே முடிகிறது என்று தேடிப்போகிற காது ஒரு பாக்கியந்தான். அந்தப் பாக்கியத்தைக் கடையில் வாங்க முடியுமா என்பதுதான் கேள்வி.

தங்கையின் வீட்டுக்குப் பக்கத்திலேயே மரச்சிற்ப வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-ல் புவிசார் குறியீடு பெற்றது. காலையில் உளியும் கொட்டாப்புளியும் சேர்ந்து எழுப்பும் ஓசையில்தான் அந்தத் தெரு கண் விழிக்கும். திண்ணையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே மருமகனுக்கு விஷயத்தை விளக்கினேன்.

சி.டி. என்னும் குறுந்தட்டு ஒரு விநாடி நாதத்தை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்கங்களில் எழுதிவைக்கிறது. இரண்டு காதுகளுக்கும் சேர்த்தால் விநாடிக்குப் பதினான்கு லட்சத்துக்கு மேல் ஆகிவிடும். இத்தனையையும் சுமந்து திரிய முடியாது என்று, ஜெர்மனியில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலான பொறியியலாளர்கள் எம்.பி.3 என்ற வழியைக் கண்டார்கள். பெரிய ஓசை ஒலிக்கும்போது அதன் பக்கத்தில் உள்ள சின்ன ஓசை காதில் விழாது. விழாததை எதற்குச் சுமப்பது? வெட்டித் தள்ளினார்கள். பதினொரு பங்கில் ஒரு பங்கே எஞ்சும்படிகூடச் சுருக்க முடிந்தது. சரியாகத்தான் வெட்டுகிறோமா என்று சோதிக்க, சூசன் வேகா என்ற பாடகி பக்கவாத்தியம் இல்லாமல் பாடிய 'டாம்ஸ் டைனர்' என்ற பாட்டைப் பிராண்டன்பர்க் திரும்பத் திரும்பக் கேட்டார். தொடக்கத்தில் அந்தத் தனிக்குரல் சிதைந்து ஒலித்தது. கூடுதலாக வெட்டிவிட்டார்கள்! பிறகு திருத்தினார்கள்.

"அப்படியென்றால் அவர்களும் சிற்பிகள்தானா, மாமா?" என்று தெருவைக் காட்டிச் சிரித்தான் மருமகன்.

"ஆமாம். ஆனால் இங்கே வெட்டி எறிந்த செத்தைகளைக் கீழே பார்க்கலாம். அங்கே எறிந்தது என்னவென்று யாருக்கும் தெரியாது. அந்தச் சந்தேகத்தில்தான் உன்னைப்போன்றவர்கள் தனிப்பெட்டி தேடுகிறீர்கள்."

2001-ல் வந்து உலகத்தையே மயக்கிய ஐபாட் 2022-ல் நிறுத்தப்பட்டது. கைபேசி அதை விழுங்கிவிட்டது. ஆயினும் கைபேசியில் திருப்தி அடையாதவர்களுக்காக விலை உயர்ந்த தனிப்பெட்டிகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தோம். அவனுடைய பழைய கைபேசியிலும் என் பெட்டியிலும் ஒரே பாட்டை ஏற்றினோம். மருமகன் இரண்டையும் கேட்டுவிட்டு, "மாமா! மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!" என்று கூவினான். என் மனம் குளிர்ந்தது. பிறகுதான் கவனித்தேன், என் பெட்டியின் ஒலி சற்று உரக்க வைக்கப்பட்டிருந்தது. உரக்க ஒலிப்பது எதுவும் நல்லதாகவே தோன்றும். பாட்டில் மட்டுமா? மேடைப் பேச்சிலும் அப்படித்தான்.

ஒலியின் அளவைச் சமப்படுத்தினோம். கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டோம். ஒரே இயர்போனைத் தன் விருப்பம்போல் கைபேசியிலோ பெட்டியிலோ மாற்றிச் செருகும் வேலையைத் தங்கையிடம் கொடுத்தோம். "மாற்றுங்கம்மா" என்று மருமகன் இரண்டு, மூன்று முறை சொன்ன பிறகுதான் அவள் மாற்றினாள். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு அந்த நினைவாக இருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டோம்.

இருபது சுற்று. மருமகன் சரியாகச் சொன்னது 11. நான் சரியாகச் சொன்னது 9. பூவா தலையா போட்டிருந்தாலும் இவ்வளவு வந்திருக்கும்.

நாங்கள் மட்டும் அசடுகள் அல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஒலி ஆர்வலர்களை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவு 2007-ல் வெளிவந்தது. குறுந்தட்டின் தரத்தையும் அதைக் காட்டிலும் நுட்பமான பதிவையும் பெயர் சொல்லாமல் போட்டுக்காட்டினார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. அங்கேயும் பூவா தலையாதான்.

எல்லாக் கருவியும் ஒன்றுதான் என்று இதற்குப் பொருள் இல்லை. மட்டமான இயர்போனுக்கும் நல்ல இயர்போனுக்கும் உள்ள பேதம் குழந்தைக்கும் தெரியும். அளவுக்கு மீறிச் சுருக்கிய பாட்டு காதை உறுத்தும். என்னைச் சுட்டது வேறு விஷயம். 'என் பெட்டியில் கேட்டால் ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாகக் கேட்கும்' என்று நான்கு ஆண்டுகளாக எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! அது பொய்யா? பொய் சொல்கிறோம் என்ற நினைவு எனக்கு இருந்ததில்லை. மெய்யா? மெய்யும் இல்லை. கொடுத்த விலை என் காதுக்குள் உட்கார்ந்துகொண்டு எனக்காகக் கேட்டிருக்கிறது. பிறரை ஏமாற்றுகிறவனுக்கு உண்மை எது என்றாவது தெரியும். தன்னையே ஏமாற்றிக்கொள்கிறவனுக்கு அதுவும் தெரிவதில்லை.

"அப்படியென்றால் வாங்க வேண்டாம் என்கிறீர்களா, மாமா?"

"நாளைக்குச் சொல்கிறேன். காலையில் மூவருமாகக் கல்வராயன் மலைக்குப் போய்வரலாம்."

மறுநாள் வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்ததும் பாதை மலையேறத் தொடங்குகிறது. சமவெளியின் வெக்கை வளைவுக்கு வளைவு குறைந்தது. பெரியார் அருவி அருகே இறங்கினோம். கோடையாதலால் அருவி மெலிந்துதான் இருந்தது. ஆனால் காடு முழுவதும் சில்வண்டுகளின் இரைச்சல். ஒரு மரத்தில் தொடங்கி, அடுத்த மரம் ஏற்று, சரிவெல்லாம் பரவி, பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டியிருந்தது. மருமகன் என் பெட்டியை மாட்டிக்கொண்டு, காட்டுக்கு நடுவே எப்படிக் கேட்கிறது என்று பரீட்சை செய்துகொண்டிருந்தான்.

தங்கை ஒரு பாறையில் உட்கார்ந்து மரங்களை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என்னிடம் சொன்னாள்:

"சின்ன வயசிலே அப்பாவோட இங்கே வந்தப்போ சில்வண்டு சத்தம் காதைத் துளைக்கும், ஞாபகம் இருக்கா அண்ணா? இப்போ மலையிலேகூட சில்வண்டு இல்லாமப் போச்சு பாரு. எல்லாத்தையும் மருந்தடிச்சுக் கொன்னுட்டாங்களோ என்னவோ."

நான் பதில் சொல்லவில்லை. மருமகன் இயர்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். எங்களைச் சுற்றிக் காடே கத்திக்கொண்டிருந்தது.

முதுமையில் காது மேல்ஸ்தாயியிலிருந்துதான் தேயத் தொடங்கும். இளமையில் விநாடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கிற செவி, வயது ஏற ஏறக் கீழே இறங்கிவரும். முதலில் விடைபெறுவது சில்வண்டு. பிறகு பேச்சில் 'ச'வும் 'த'வும் மங்கும். சொல் காதில் விழும். என்ன சொல் என்று விளங்காது. இது ஒருநாளில் வருவதில்லை என்பதால் வந்தவருக்கே தெரியாது. உலகந்தான் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவருக்குத் தெரியாது, சரி. பக்கத்தில் இருப்பவர்களுக்கு? இருபது சுற்றிலும் மயிரிழை பேதத்தைத் தேடினோமே, "மாற்றுங்கம்மா" என்று மூன்று முறை சொன்னது எங்கள் காதிலேயே விழவில்லையே! அவள் இரண்டு ஆண்டுகளாகத் தொலைக்காட்சியை உரக்க வைப்பதை மருமகன் பார்த்திருக்கிறான். தொலைபேசியில் நான் கேட்டதற்குச் சம்பந்தம் இல்லாமல் அவள் பதில் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். வயதாகிவிட்டது, கவனம் போதவில்லை என்று தீர்ப்பும் சொல்லியிருக்கிறேன். கவனம் போதாதது யாருக்கு?

ஊருக்குத் திரும்பியதும் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். ஒரு சிறு அறையில் உட்காரவைத்து, காதில் ஒலிபெருக்கியை மாட்டி, ஓசை கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். எங்கள் துண்டுக் கட்டுச் சோதனையைப் போன்றதுதான். இடையிடையே ஓசையே இல்லாதபோதும் அவள் அழுத்தியிருக்கிறாள். வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன். "கேக்கலைன்னா அந்தப் பொண்ணு வருத்தப்படுமேன்னுதான்" என்றாள். நானும் கேட்காததைக் கேட்டதாகச் சொன்னவன்தான். நான் சொன்னது பெருமைக்கு. அவள் அழுத்தியது தாட்சண்யத்துக்கு. எங்கள் இருவரில் யாரை மன்னிப்பது சுலபம் என்று வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

மருமகனின் சேமிப்பில் பெரும்பகுதி காதுக் கருவிக்குப் போயிற்று. "எனக்கு இனிமே என்ன கேக்க வேண்டியிருக்கு? அவன் பாட்டுக் கேக்கட்டும்" என்று அவள் சண்டை பிடித்தாள். மீதிப் பணத்தில் நல்ல இயர்போன் ஒன்றை வாங்கி, பழைய கைபேசியிலேயே பொருத்திக்கொண்டான். இதைத் தியாகம் என்று நான் புகழப் போவதில்லை. அவனும் அப்படி நினைக்கவில்லை. பாட்டை நுட்பமாகக் கேட்க ஆசைப்பட்டது தவறு என்றும் சொல்ல மாட்டேன். நுண்மையான ஓசைக்காகப் பழக்கிய காது, வீட்டுக்குள் வந்ததும் தூங்கிவிட்டது. தவறு அங்கேதான் இருந்தது.

1979-ல் ஜப்பானின் சோனி நிறுவனம் முதல் வாக்மேனை வெளியிட்டபோது, அதில் இரண்டு பேர் கேட்பதற்கு இரண்டு துளைகள் வைத்திருந்தது. பாட்டுக்கு நடுவே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள ஒரு பொத்தானும் இருந்தது. தனியாக ஒருவன் காதை மூடிக்கொள்வது பக்கத்தில் இருப்பவருக்கு மரியாதைக் குறைவு என்று அதன் தலைவர் அகியோ மொரிட்டா கவலைப்பட்டார். பின்னால் வந்த பெட்டிகளில் அந்தப் பொத்தான் மறைந்தது; இரண்டாம் துளையும் மறைந்தது. மனிதர்கள் தனியாகக் கேட்கவே விரும்பினார்கள். ஒலி நாளுக்கு நாள் சுத்தமாகிக்கொண்டு வந்திருக்கிறது. அந்த இரண்டாம் துளையை மட்டும் யாரும் தேடவில்லை.

இந்த ஆண்டு கோடையில் தாயும் மகனும் மறுபடி மலைக்குப் போனார்கள். நடுப்பகலில் எனக்குத் தொலைபேசி வந்தது.

"அண்ணா, சில்வண்டு கத்துது! போனை மரத்துப் பக்கம் பிடிக்கிறேன், கேக்குதா பாரு!"

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ஓசைகளைத் தள்ளிவிடுவது கைபேசியின் சுபாவம். அல்லது என் காதுக்கும் வயது வந்துவிட்டதோ என்னவோ. 'கேட்கிறது' என்று சொல்லிவிட்டால் அவள் சந்தோஷப்படுவாள். அந்தச் சொல் நாக்கு நுனி வரையில் வந்தது.

"இல்லையம்மா, எனக்குக் கேட்கவில்லை. எப்படிக் கத்துகிறது? நீ சொல்லு" என்றேன்.

அவள் சொல்லத் தொடங்கினாள்.