யார் செய்த வினை?

ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள் பலரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: யார் செய்த பாவம் இது? கல்வராயன் மலையின் ஊரானாலும் கள்ளக்குறிச்சி நகரத்துத் தெருவானாலும் கேள்வி மாறுவதில்லை. குலதெய்வக் குற்றம், தீர்க்காத நேர்த்திக்கடன், கிரகணத்தன்று வெளியே வந்த கர்ப்பிணி என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். எந்தப் பதிலைச் சொன்னாலும் பழி கடைசியில் தாயின் தலையில்தான் விழுகிறது. இதற்கெல்லாம் காரணம் வினைக் கொள்கைதான், அதைத் தூக்கி எறிந்தால் தாய்மார்கள் தப்புவார்கள் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை.

ஏனென்றால் வினையை நம்பாத இடத்திலும் இதே பழி சுமத்தப்பட்டது. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையால்தான் ஆட்டிசம் மருத்துவ உலகில் பேசுபொருளானது. அடுத்த இருபது ஆண்டுகளில், தாயின் அன்பில்லாத குணமே குழந்தையை இப்படி ஆக்கியது என்ற கருத்து அங்கே செல்வாக்குப் பெற்றது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் அதை ஒரு புத்தகமாகவே எழுதினார். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964லேயே அதை மறுத்து, காரணம் உடலில் இருக்கிறது என்று வாதிட்டிருந்தார். 1977இல் பிரிட்டனில் இரட்டையர்களை ஆராய்ந்தபோது மரபணுவின் பங்கு தெளிவாகத் தெரிந்தது. அதற்குள் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் குற்றவாளிகளாகவே வாழ்ந்து முடித்திருந்தார்கள். நம் ஊரில் வினையின் பெயரால் நடப்பது அங்கே உளவியலின் பெயரால் நடந்தது. துன்பத்தைக் கண்டதும் குற்றவாளியைத் தேடும் மனம், கையில் கிடைத்த கொள்கையை எடுத்துக்கொள்கிறது.

வினைக் கொள்கையை அதன் சொந்த வாதப்படியே பார்த்தாலும் இந்தக் கேள்வி நிற்காது. சைவ சித்தாந்தம் சொல்வது இது: வினை அறிவற்றது, அது தானாகவே செய்தவனைத் தேடிப் போய்ச் சேராது, அறிந்து சேர்ப்பிப்பவன் இறைவன். அப்படியானால் யாருடைய கணக்கில் என்ன இருக்கிறது என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்த்து 'இது இன்ன பாவத்தின் பலன்' என்று சொல்கிறவர் அந்தக் கணக்கைத் தானே படித்துவிட்டதாகச் சொல்கிறார். அதை பக்தி என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது. யோவான் நற்செய்தியில் பிறவிக் குருடனைக் காட்டிச் சீடர்கள் இதையே கேட்கிறார்கள். இவனும் பாவம் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை என்று இயேசு அந்தக் கேள்வியைத் தள்ளிவிடுகிறார்.

வினை என்ற நம்பிக்கைதான் எத்தனையோ பெற்றோரைத் தாங்கி நிறுத்துகிறது, அதைப் பறிக்கலாமா என்று கேட்கலாம். பறிக்க வேண்டியதில்லை. ஒரு தாய் தன்னளவில் 'இது நான் கழிக்க வேண்டியது' என்று சொல்லிக்கொண்டால் அது அவள் தேடிக்கொண்ட பலம். அதே வாக்கியத்தை அவளிடம் இன்னொருவர் சொன்னால் அது தீர்ப்பு. இதன் மறுபக்கமும் உண்டு. 'தெய்வக் குழந்தை' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் மனதார நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஆடி மாதக் கூழ்வார்த்தலில் ஒலிபெருக்கி அலறும்போது அந்தத் தெய்வக் குழந்தை இரு காதையும் பொத்திக்கொண்டு கத்தினால், 'பிள்ளையை வெளியே கூட்டிட்டுப் போம்மா' என்றுதான் குரல் வருகிறது. பாவம் என்றாலும் தெய்வம் என்றாலும் அந்தத் தாய் தெருமுனையில் தனியாகத்தான் நிற்கிறாள்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரில் நடந்ததாக வைணவ மரபு போற்றும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. மழை இரவில் ஒரு வீட்டின் இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்தபோது, ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் உட்காரலாம் என்று எழுந்து இடம் கொடுத்தார். பேயாழ்வார் வந்தபோது மூவரும் நின்றார்கள். அதன் பிறகுதான் நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தார்கள், அவர் பெருமாள். வந்தவர் மழையில் நிற்க நேர்ந்தது எந்த வினையால் என்று உள்ளே இருந்தவர் விசாரிக்கவில்லை. தன் வசதியைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். நெருக்கம் வந்த பிறகே கடவுள் வருகிறார் என்பதை நான் இந்த மரபின் மையமாகவே எடுத்துக்கொள்கிறேன். அது ஓர் இரவு, ஆட்டிசமோ வாழ்நாள் முழுவதும் என்று மறுக்கலாம். உண்மைதான். ஒரே வீடு வாழ்நாள் முழுவதும் நின்றுகொண்டிருக்க முடியாது என்பதால்தான் பல வீடுகள் தேவைப்படுகின்றன.

அதெல்லாம் அரசின் வேலை என்பது இன்னொரு மறுப்பு. அரசின் வேலைதான், அதை விட்டுக்கொடுக்கவே கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. 2022 முதல் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆனால் வெள்ளிமலைக்கு அப்பால் உள்ள ஊரிலிருந்து, பேருந்தின் இரைச்சல் தாங்காத பிள்ளையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கச்சிராயப்பாளையம் வழியாக இறங்கி வரும் தாய்க்கு, சான்றிதழ் வாங்கும் ஒவ்வொரு நடையும் ஒரு நாள் கூலி. மரவள்ளி பிடுங்கும் பருவத்தில் அந்தக் கூலியை விட்டால் வீடு திணறும். சட்டைப் பொத்தான் போட மட்டும் மாதக்கணக்கில் தினமும் பழக்க வேண்டிய பிள்ளைக்கு, பயிற்சியாளர் வாரம் ஒரு முறை வந்தாலும் மற்ற ஆறு நாள் அவள்தான். அங்கே உதவ அரசாணை போதாது. பிள்ளையின் குணம் தெரிந்த ஓர் அத்தை அரை நாள் பார்த்துக்கொள்ள வேண்டும், கோயில் தர்மகர்த்தா ஒரு மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்தி அவர்களை உள்ளே அழைக்க வேண்டும்.

'எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யாரு பார்ப்பா?' என்பதுதான் இந்தப் பெற்றோர் இரவில் கேட்டுக்கொள்ளும் கேள்வி. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது கடந்த ஆட்டிசம் உள்ளவருக்கு மாவட்டக் குழு சட்டபூர்வப் பாதுகாவலரை நியமிக்கலாம். பெற்றோருக்குப் பின் அந்த விண்ணப்பத்தில் எழுத ஒரு பெயர் வேண்டும். அதுவரை அந்தப் பிள்ளையோடு பழகாத ஒருவரின் பெயரை அங்கே எப்படி எழுதுவது?